இருபத்தெட்டாம் அளவு எழுத்து

மதியச் சாப்பாடு முடிந்ததும், வழக்கமான குட்டித் தூக்கத்துக்காக விளக்கை அணைத்துவிட்டார்கள். தைபேயின் அந்த அலுவலகத்தில் எல்லாரும் மேசையில் தலைசாய்த்துத் தூங்க, யூஜென் மட்டும் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவன் பெங் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தான்.

"நான் கோடு எழுதுற எடிட்டர்ல எழுத்து அளவு பதினாலுன்னு போட்டு வைக்கிறேன். நம்ம ப்ராஜெக்டைத் திறந்தா இருபத்தெட்டுக்குத் தாவுது. திரையில பத்து வரி நிக்க மாட்டேங்குது. அந்தக் காவ் தாத்தா வேலைய விட்டுப் போயும் நம்ம உயிரை வாங்குறார்!"

அந்தப் பெரிய எழுத்தில்தான் அவள் பிழைப்பே ஓடியது. இரண்டு கண்ணிலும் நடுவில் புகை படிந்த மாதிரி பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பதைத்தான், இவர்கள் தாத்தா என்று கேலி பேசும் காவ் அண்ணன் விஷயத்தில் பார்த்தாயிற்றே. கண் மங்குகிறது என்று வாய்விட்டுச் சொன்னார் மனிதர். ஆள்குறைப்பு வந்தபோது முதல் பெயர் அவருடையது.

பாவம். ஆனால் அவர் தனக்காகப் பெரிதாக்கிய எழுத்தில் அவளும் சத்தமில்லாமல் ஒண்டிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் காரணத்தைத் தேடினாள். எல்லாரும் பகிரும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே கண்ணில் படாத அமைப்புக் கோப்பு ஒன்று இருந்தது. அது இருக்கும்வரை யார் தன் கணினியில் என்ன அளவு போட்டாலும் எடுபடாது.

இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா? அதற்குள் பெங்கின் விரல் அதிலிருந்த 'எழுத்து அளவு 28' என்ற வரிமேல் இருந்தது.

"இதேதான். அழிச்சிடு."

அழித்தாள். எழுத்துகள் எறும்புச் சாரியாகச் சுருங்கிப் புகைக்குள் போய்விட்டன. தனக்கு மட்டும் பெரிதாக்கிக்கொண்டால் நாளைக்கே கேள்வி வரும்.

"அப்பாடா!" என்றான் பெங். "ஆனா சரியான கில்லாடி அந்த ஆள். இப்போ டாக்ஸி ஓட்டுறார், தெரியுமா? நேத்து கொட்டுற மழையில, அந்தப் பக்கத்து ரோட்டுலேருந்தே என்னை அடையாளம் கண்டுபிடிச்சு வந்து ஏத்திக்கிட்டார். கண்ணாடிகூடப் போடலை. அப்புறம் எதுக்குங்க தாத்தா எங்களை அந்தப் பாடு படுத்தினீங்கன்னு கேட்டா, சிரிக்கிறார்."

யூஜென் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு நாள் காலை, மூக்கு திரையில் இடிக்க அவள் குனிந்திருந்ததைப் பக்கத்து நாற்காலியிலிருந்து காவ் அண்ணன் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மதியம் எல்லாரும் தூங்கி எழுந்தபோது எழுத்து பெரிதாகியிருந்தது.

"வயசாச்சுல்லப்பா, கண்ணு மங்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று எழுந்து நின்று தலைகுனிந்தார்.

குருட்டுத் தாத்தா என்று ஆளாளுக்குக் கேலி பேசிச் சிரித்தார்கள்.

தன்மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, யூஜென்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள்.