கிழக்கு மூலை

"அந்தக் கிழக்கு மூலைக்கு யாருமே போகலியே! பந்தை அங்க தள்ளுங்கப்பா!"

வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினார் தங்கையன். மன்னார்குடி கல்லூரி அணியின் கேப்டன் பகலவனுக்கு முழங்கால் வரை சேறு. மூக்கு நுனி வரை கோபம். பந்தாடத் தெரியாதவரெல்லாம் யோசனை சொல்ல வந்துவிட்டார்!

ஆனால் அவரை முறைக்கவும் முடியாது. மூன்று வருடமாக நாகூர்க் கல்லூரிதான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. பகலவனுக்கு இது கடைசி வருடம். இன்று விட்டால் அவ்வளவுதான். அதற்கென்றே பார்த்துப் பெய்த மழை, மைதானத்தைக் குளமாக்கிவிட்டது. இறுதி ஆட்டமே ரத்தாக இருந்தபோது, "உழுது போட்ட அஞ்சு மா வயல் சும்மாதான் கிடக்கு, வந்து ஆடுங்க தம்பி" என்று வலிய வந்து கூப்பிட்டவர் இவர்தான். டீ, வடைக்கும் தானே ஏற்பாடு செய்தார். "வழுக்காம இருக்கத் தழை பரப்பியிருக்கேன்" என்று அவர் சொன்னபோது பகலவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா!

"நாங்க கடற்கரை மணல்ல ஓடுறவங்க. சேறெல்லாம் எங்களுக்கு ஜுஜுபி!" என்று சிரித்தான் நாகூர் கேப்டன் சமீர்.

ஆட்டம் முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று.

"பெனால்ட்டி உதைச்சு முடிச்சுக்கலாமா?" என்றார் நடுவர்.

"ஐயையோ, அதெல்லாம் வேணாங்க! இன்னும் அரைமணி நேரம் ஆடட்டும்!" பதறினார் தங்கையன். "கிழக்கு மூலை தம்பி, கிழக்கு மூலை!"

அட, அந்தப் பக்கம் நாகூர்க்காரர் ஒருத்தர்கூட இல்லையே! பகலவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் தொடர்ந்ததும் பந்தை அங்கேதான் அடித்தான். இரண்டு அணியும் அந்த மூலைக்குப் பாய்ந்து, விழுந்து, புரண்டன. அந்தக் களேபரத்தில் நழுவிவந்த பந்துக்குப் பகலவன் விட்டான் ஓங்கி ஓர் உதை.

கோல்!

ஓடிவந்து தங்கையனைச் சேறோடு கட்டிக்கொண்டான் பகலவன். "ஐயா, நீங்க இல்லன்னா கோப்பை இல்ல! ஃபுட்பால் இவ்வளவு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கென்னப்பா தெரியும்? சேறடிக்க டிராக்டர் கிடைக்காம பத்து நாளா நாத்து முத்திக்கிட்டு இருந்துச்சு" என்றவர், வரப்பில் நின்ற மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "காளியம்மா, மூலை முடுக்கு விடாம தழை மிதிபட்டு உரமா சேத்துல இறங்கிடுச்சு. நாளைக்கு நடவுன்னு ஆளுங்களுக்குச் சொல்லிடு!"