கடிதம் கொண்டுவந்தவர்

"எழுத்தை அப்புறம் பார்க்கலாம். கொண்டுவந்தவன் முகத்தை முதல்ல பாருங்க" என்றார் பேராசிரியர்.

சனிக்கிழமைக் காலை வகுப்பு, அவர் வீட்டுக் கூடத்தில். ஓய்வு பெற்ற பிறகும் பேசாமல் இருக்க முடியாத மனிதருக்கு அது ஒரு வடிகால். ஒன்பது மாணவர்கள், ஒன்பது விதமான நாற்காலிகள். பாடம், முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கடிதம் ஒன்று. எசமானிடமிருந்து ஓடிப்போன ஓர் அடிமையைத் திரும்ப ஏற்றுக்கொள்ளச் சொல்லி, சிறையிலிருந்து ஓர் அப்போஸ்தலர், அதாவது இயேசுவின் தூதர், எழுதியது.

மொத்தமே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி அவர் நானூறு பக்கம் எழுதியிருந்தார். அதை முழுதாகப் படித்த ஒரே ஆள், தட்டச்சு செய்து கொடுத்த தன் மகள்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவளும் நடுவில் தூங்கினாள் என்பது மனைவியின் சாட்சியம்.

அந்த அடிமையே கடிதத்தைக் கொண்டுபோனான் என்று அவர் விளக்கினார். வாசலில் நிற்கிறான், கையில் தன்னைப் பற்றிய கடிதம், எசமான் கிழித்துப் போட்டால் கதை முடிந்தது. அதனால்தான் அப்போஸ்தலர், எசமானுக்கு மட்டும் எழுதாமல், அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்து எழுதினார். அந்தக் காலத்தில் கடிதத்தை ஒருவர் எழுந்து உரக்கப் படிப்பார், எல்லோரும் கேட்பார்கள்.

"அத்தனை பேர் முன்னாடி மாட்டேன்னு சொல்ல எசமானுக்கு வாய் வருமா?"

"மனசில்லாமத் தலையாட்டியிருந்தா, சார்?"

கேட்டது லிப்ட் மெக்கானிக். வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான். விரல் நுனியில் எப்போதும் கிரீஸ் இருக்கும். கேள்வியில் எப்போதும் ஒரு முள் இருக்கும். அவனைக் கண்டால் பேராசிரியருக்குத் தனி உற்சாகம்.

"முதல்ல தலை ஆடட்டும்ப்பா. மனசு பின்னாடியே நொண்டிக்கிட்டு வந்து சேரும்."

சொன்ன கையோடு அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. மகள் வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம். ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். தன்னைக் கேட்காமல் முடிவெடுத்த கோபத்தில், அவன் யார், என்ன செய்கிறான் என்று எதையும் கேட்க மாட்டேன் என்று கத்தினார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். அவர் பக்கத்து அறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டுவார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வீட்டுச் சண்டைக்கு நானூறு பக்கம் எழுதியவருக்கு, பெற்ற மகளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஹெல்மெட்டோடு ஓர் இளைஞன், கையில் ஓர் உறை. மேலே மகளின் கையெழுத்து: அப்பாவுக்கும், அம்மாவுக்கும், நம் வீட்டில் கூடும் வகுப்புக்கும்.

பேராசிரியருக்கு உடம்பு சிலிர்த்தது. சனிக்கிழமை. வகுப்பு நேரம். சபைக்கும் சேர்த்து விலாசம். இளைஞன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கையமர்த்தினார். நெற்றியில் வியர்வை. பயம், என்று குறித்துக்கொண்டார். பார்வை திரும்பத் திரும்பத் தெருவுக்குப் போனது. குற்ற உணர்ச்சி. நானூறு பக்கமும் உயிரோடு வந்து வாசலில் நிற்பது எத்தனை ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும்?

அவன் தோளைப் பிடித்துக் கூடத்துக்கு நடத்திவந்தார். தன் வீம்பைப் பற்றி, நான்கு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பற்றி, ஒன்பது பேர் முன்னால் ஒளிக்காமல் சொன்னார். மனைவி ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள்.

"என் பொண்ணு யாரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அவர்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை. எனக்கு மகன். நீங்க எல்லாரும் சாட்சி" என்று அவனை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

அவர் தோளுக்குக் கீழே, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சார், நான் கூரியர். வண்டி தெருவுக்குக் குறுக்கே நிக்குது. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கிளம்பிடுவேன்."

ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் மின்விசிறியை ஆராய்ந்தார்கள். மனைவி சமையலறைக்குள் ஓடிச் சிரித்தது கூடம்வரை கேட்டது. கையெழுத்து வாங்கியவன், தனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள் இருப்பதை மரியாதையாகத் தெரிவித்துவிட்டுப் போனான்.

"நானூத்தி ஒண்ணாவது பக்கத்துல இதையும் சேர்த்துடறேன்" என்றார் பேராசிரியர். அப்புறம்தான் வகுப்புக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

உறையைப் பிரித்தார். கண் கலங்கியிருந்ததால் எழுத்து நீந்தியது. வழக்கம்போல லிப்ட் மெக்கானிக்கிடம் நீட்டினார். வகுப்பில் எதை உரக்கப் படிக்க வேண்டுமென்றாலும் அவர் எழுப்புவது அவனைத்தான், குரல் அப்படி.

அவன் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"'அப்பா, இதைக் கொண்டுவந்தவர் வெறும் கூரியர்காரர். உங்கள் ஆராய்ச்சியை நம்பி அவரைக் கட்டிப் பிடித்துவிடாதீர்கள்.'"

கூடமே அதிர்ந்தது. பேராசிரியர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வரியில் அவன் குரல் இறங்கியது.

"'கடிதத்தை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது இதைப் படித்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்பவர்தான் நான் அன்று சொன்ன அவர்.'"