தேவசிகாமணி விரித்த கம்பளி

கம்பளி காய்ந்திருந்தது.

பாஸ்டர் தேவசிகாமணி அதை இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். கன்னத்தில் வைத்தும் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை.

சுற்றிலும் புல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஏற்காட்டு மார்கழிப் பனியில் ஒரு கைக்குட்டை காயவே வாரம் ஆகும்.

கேட்டைப் பிடித்தபடி ஆராயி நின்றிருந்தாள். பதில் கேட்க மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். அங்கே ஏழெட்டுக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் காத்திருக்கின்றன. மிளகு காயப்போடும் களத்தையே தருகிறேன் என்கிறாள். அவளுக்கு முழங்கால் போய்விட்டது. இனி ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வர முடியாது. பாஸ்டர் அங்கே வந்தால் அவளுக்கு ஆராதனை உண்டு, வராவிட்டால் இல்லை.

ஊழியத்தை விரிவாக்க வேண்டும் என்று பிரசங்கிப்பதில் பாஸ்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பூமியின் கடைசி எல்லைவரை போகச் சொல்வார். மாரமங்கலம் என்றால் மட்டும் யோசிப்பார். சமவெளியில் பிறந்தவர், மலை ரோட்டில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவார். அதைச் சபையில் சொல்ல முடியுமா? கர்த்தருடைய சித்தம் தெரியட்டும் என்று ஒரு வருஷமாக இழுத்தடித்தார்.

இனியும் இழுக்க முடியாமல் போனபோது வேதாகமத்துக் கிதியோன் கைகொடுத்தான். போருக்குப் போகத் தயங்கிய கிதியோன், மயிருள்ள ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுவைத்துக் கடவுளிடம் அடையாளம் கேட்டவன். முதல் நாள் தோல் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும். மறுநாள் தரை நனைய வேண்டும், தோல் காய்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்தன.

பாஸ்டர் விவரமானவர். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். ராத்திரி முற்றத்தில் கம்பளியை விரித்து வைப்பேன், விடியும்போது அது காய்ந்திருந்தால் மாரமங்கலம் போவேன் என்று சபை நடுவிலேயே அறிவித்துவிட்டார்.

அவர் மனைவி சாந்தாமேரிக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"ஏனுங்க, இது கர்த்தர்கிட்ட கேக்கற மாதிரி இல்லீங்க. வரலைன்னு அவருக்கே சொல்லி உடற மாதிரி இருக்குதுங்க."

இப்போது கம்பளி காய்ந்திருந்தது மட்டுமல்ல, வெதுவெதுப்பாகவும் இருந்தது. இனிப்பாக ஒரு வாசனைகூட வந்தது. பாஸ்டருக்குப் புல்லரித்தது. நடக்காது என்று நம்பித்தானே கேட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஈரப் புல்லில் அப்படியே முழங்கால் போட்டு அழுதார். பிறகு எழுந்து, வருகிற ஞாயிறே வந்துவிடுகிறேன் என்று ஆராயியிடம் சொன்னார்.

ஆராயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உடனே ரோட்டில் இறங்கினாள்.

பாஸ்டர் வாந்திக்கு எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார்.

அதற்காகவே காத்திருந்தவளைப்போல முற்றத்தில் நின்ற சாந்தாமேரியைப் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுபைதா தலையை நீட்டினாள். பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கும் சாதிக் பாஷாவின் மனைவி. முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, மறந்துட்டீங்களாட்டம் இருக்குதுன்னு கம்பளிய எடுத்துட்டுப் போயி பன் சுடற அடுப்பு மேல காயப் போட்டுட்டனுங்க. அது அவங்க வேண்டுதலா இருக்கும், நீ ஏன் தொட்டேன்னு எங்க ஊட்டுக்காரரு நொம்பத் திட்டுனாருங்க. பயந்துட்டு விடியறதுக்குள்ள அதே எடத்துல விரிச்சு வெச்சுட்டேன். வேண்டுதல் கெட்டுப் போச்சுங்களா?"

சாந்தாமேரி ரோட்டைப் பார்த்தாள். ஊரில் சேதி சொல்லும் அவசரத்தில், முழங்காலை மறந்து ஆராயி பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்துகொண்டிருந்தாள்.

"கெடல கண்ணு, பலிச்சிருச்சு. அவருகிட்ட மட்டும் சொல்லிராத. மறுபடியும் விரிச்சுருவாரு."