மழை பெய்த ஐந்து ஆட்டங்கள்

அவள் அந்த ஒரு வரியை இருமுறை படித்தாள்.

‘மழை வந்த மேட்ச்ல கடைசி நாலு ஓவர் எது அக்கா?’

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரை யார் கண்ணிலும் படக் கூடாது.

புது அலுவலகத்தில் இது முதல் நாள். ‘நடு ஸ்டம்ப்’ இணையதளத்தில் ஆறு வருடம் கிரிக்கெட் புள்ளிவிவரம் எழுதியவள், இன்று முதல் இந்த நாளிதழில். காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். அவள் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘இவர் கணக்கு தப்பாது.’

மதியத்துக்குள் அறிவிப்பின் கீழே இருநூறு பேர் எழுதிவிட்டார்கள். பாதிப் பேர் வாழ்த்த. பாதிப் பேர் திட்ட.

‘நம்பர் அக்கா போயாச்சு. இனி நடு ஸ்டம்ப் வெறும் ஸ்டம்ப்தான்.’

‘போறவங்க போகட்டும். போன சீசன்லயே ஜாடை தெரிஞ்சுது.’

சிரித்துக்கொண்டேதான் படித்து வந்தாள். இந்த ஒரு வரி வரும் வரை.

கை தானாகவே பழைய கோப்பைத் திறந்தது.

சகாயராஜ். வேகப்பந்து வீச்சாளன். முப்பத்தொரு வயது. கடைசி நான்கு ஓவர்களில் அவன் வீசினால் ஓவருக்குப் பதினொன்றரை ரன் போகிறது என்று எழுதியது அவள்தான். மறுநாளே ரசிகர்கள் அவனுக்கு ‘வள்ளல்’ என்று பேர் வைத்தார்கள். மறுவாரம் அணி அவனை விடுவித்தது.

பதினேழாவது ஓவர் முதல் இருபதாவது ஓவர் வரை கூட்டு. கோப்புக்கு அவள் கொடுத்திருந்த கட்டளை அதுதான்.

மழையால் பன்னிரண்டு ஓவராகக் குறைந்த ஆட்டத்தில் பதினேழாவது ஓவர் ஏது?

அங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரைதான் கடைசி நான்கு. கோப்புக்கு அது தெரியாது. அந்த ஆட்டங்களையே விட்டுவிட்டது.

ஐந்து ஆட்டங்கள். அவற்றின் கடைசி ஓவர்களில் அவன் வீசியது பத்து ஓவர். கொடுத்தது நாற்பத்துமூன்று ரன்.

சேர்த்துக் கூட்டினாள்.

எட்டே கால்.

மறுபடி கூட்டினாள். எட்டே கால்தான். போன சீசனில் அதைவிடக் குறைவாகக் கொடுத்தவர்கள் இரண்டே பேர்.

இன்று நான்கு மணிக்கு வீரர்கள் ஏலம். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சகாயராஜ் இருந்தான். இந்த வயதில் இன்று யாரும் எடுக்காவிட்டால் இனி எப்போதும் எடுக்கமாட்டார்கள்.

மணி இரண்டேமுக்கால்.

நடு ஸ்டம்பில் கதிரேசனைக் கூப்பிட்டாள். ஆறு வருடம் பக்கத்து இருக்கையில் இருந்தவன். விஷயத்தைச் சொல்லி, கட்டுரையில் ஒரு திருத்தம் போடச் சொன்னாள்.

“நல்லா இருக்கே. போனது நீங்க, அசிங்கப்படறது நாங்களா? அது இப்ப எங்க கட்டுரை, மேடம்.”

நேற்று வரை ‘ஏ லூசு’ என்று கூப்பிட்டவன்.

புது ஆசிரியர் மீரானிடம் போனாள். அவர் முழுதும் கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த அவள் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஒரு வாரம் போகட்டும்மா.”

கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். போனில் நான்கே வரி எழுதினாள். பழைய எண். சரியான எண். விடுபட்ட ஐந்து ஆட்டங்கள். தவறு என்னுடையது.

நாளிதழின் இணையப் பக்கத்தில் நேரடியாக எழுதிக்கொள்ள அவளுக்குக் காலையில்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒருவேளை நாளையே பிடுங்கிக்கொள்வார்கள்.

போட்டுவிட்டாள்.

‘முதல் நாளே பல்டி!’

‘வள்ளல் இந்த அக்காவுக்கு எவ்ளோ வாரிக் கொடுத்தாரு?’

‘அங்க இருந்தப்ப சொன்னது பொய்யா, இங்க வந்து சொல்றது பொய்யா?’

‘எந்த டீமுக்கு வேலை பாக்குறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க.’

நூறு. இருநூறு. நானூறு.

அந்த ஐந்து ஆட்டங்களை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. நேற்று இதையே எழுதியிருந்தால் பார்த்திருப்பார்கள். நேற்று அவள் அவர்களுடையவள்.

ஆறரைக்கு அலுவலகத் தொலைக்காட்சியில் சகாயராஜின் முகம் வந்தது. புகைப்படத்தில்கூட அவன் சிரிக்கவில்லை.

எட்டு அணிகள். எட்டு மேசைகள். ஒரு கையும் உயரவில்லை.

கேமரா மேசை மேசையாக நகர்ந்து கடைசி மேசையில் நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் போனைப் படித்துக்கொண்டிருந்தார். போன் திரையின் மேலே அடர்பச்சைப் பட்டை. இந்த நாளிதழின் பச்சை.

அவள் எழுதியதைத்தான் படிக்கிறார்.

நான்கு வரிக்கு இவ்வளவு நேரம் ஆகாது. அவர் கட்டைவிரல் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான்கு வரியைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தார். நானூறு பேரின் வசவுக்குள்.

“முதல் முறை,” என்றார் ஏலம் விடுபவர்.

ஆறு வருடத்தில் ரசிகர் எழுதிய ஒரு சொல்லைக்கூட அவள் நீக்கியதில்லை. எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

எல்லாக் கருத்துகளையும் ஒரேயடியாக மறைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடினாள். மறைத்தால் பயந்துவிட்டாள் என்பார்கள்.

பயந்துதான் போயிருந்தாள்.

அழுத்தினாள்.

“இரண்டாம் முறை.”

தொலைக்காட்சியில் அந்தக் கட்டைவிரல் நின்றது. அவர் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் எதையோ சொல்லிச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

கட்டைவிரல் மறுபடி அசைந்தது.

இந்த முறை, பக்கத்தின் உச்சியை, அந்த நான்கு வரியை நோக்கி.