சிவப்பு அட்டை போட்ட வாதம்

சட்ட மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டியில் ஒவ்வோர் அணியும் இரண்டு தரப்புக்குமே வாதம் எழுதி வரவேண்டும். மனுதாரருடையதற்கு நீல அட்டை, எதிர்மனுதாரருடையதற்குச் சிவப்பு அட்டை. எங்கேயும் இல்லாத ஒரு பாலம் இடிந்து விழுந்த வழக்கு. அரையிறுதியில் மனுதாரருக்காக எழுந்து நின்ற ஜெனிட்டா பையைத் திறந்தபோது கையில் வந்தது சிவப்பு. நீலம் விடுதி அறையிலேயே கிடந்தது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். ஜெனிட்டா பையை மறுபடி துழாவினாள். அப்போது எதிர்மேசையிலிருந்து, எதிர்மனுதாரருக்காக வாதாட வந்திருந்த அஃப்ரினின் கை நீண்டது.

"இந்தாங்க. உங்களோட நீலம்தான், எங்களுக்குக் குடுத்த காப்பி."

பக்கமெங்கும் அஃப்ரினின் பென்சில் குறிப்புகள், எந்த வாதத்தை எங்கே உடைப்பது என்று. மூன்றாவது வாதத்தின் ஓரத்தில் மட்டும், 'இதுக்குப் பதில் கிடைக்கல.' அது கண்ணில் படும் என்று தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாள். ஜெனிட்டா பதினைந்து நிமிடம் பேசினாள். மூன்றாவது வாதத்துக்கு வந்தபோது நீதிபதி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

முடித்ததும் நீலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ரொம்ப தேங்க்ஸ்ங்க." அதன் அடியில் தன் சிவப்பையும் வைத்திருந்தாள், ஒரு பக்கத்தை மட்டும் மடித்து. அஃப்ரினுக்குக் கிடைக்காத அந்தப் பதிலைப் போன மாதமே, சிவப்பை எழுதும்போது, ஜெனிட்டா தனக்கு எதிராகத் தானே எழுதி வைத்திருந்தாள்.

அஃப்ரின் அந்தப் பக்கத்தைப் படித்தாள். நிமிர்ந்து ஜெனிட்டாவைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"மை லார்டு, மூன்றாவது வாதத்திலிருந்தே தொடங்குகிறேன்" என்றாள், சிவப்பு அட்டையின்மேல் வைத்த கையை எடுக்காமல்.