தை மாதத்துக் கல்யாணம்

2008 பிப்ரவரி 19 அன்று டோக்கியோவில், எச்.டி. டிவிடி என்ற வீடியோ டிஸ்க்குக்கான கருவிகளை இனித் தயாரிப்பதில்லை என்று அவற்றை உருவாக்கிய நிறுவனம் அறிவித்தது. அதற்குள் பெரிய படக் கம்பெனிகள் பல போட்டி டிஸ்க்கான புளூ-ரே பக்கம் போயிருந்தன.

போன வாரம் திண்டுக்கல் நாகல் நகரில், ரிப்பேர் கடை ஜமால் முகமது ஒரு டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எச்.டி. டிவிடி, தோத்த கட்சிண்ணே. புளூ-ரேல ஓடாது. யாரு கல்யாணம்?”

“எங்க ஊரு பவித்ரா கல்யாணம் பாய், ரெண்டாயிரத்தெட்டு தை மாசம். அது அம்மா போன மாசம் தவறிட்டாங்க. அவங்க பேசுறது இதுல மட்டுந்தான் இருக்கு. பாக்கணும்னு அழுகுது,” என்றார் நத்தத்திலிருந்து வந்திருந்த சோலைமலை. அவர் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது.

“வீடியோக்காரன்ட்ட டேப் இருக்குமே?”

“அதுல அடுத்த கல்யாணத்த எடுத்தாச்சு.”

“வெளங்கும்! புதுசுன்னு பீத்திக்க இதுல போட்டுக் குடுத்திருக்கான். செத்த நேரம் இருங்க.”

ஜமால் பரணிலிருந்து பழைய எச்.டி. டிவிடி பிளேயரை இறக்கினார். அதனுடன் இருந்த ஆங்கிலப் பட டிஸ்க்கைப் போட்டதும் ஓடியது. கல்யாண டிஸ்க் சுழன்றது, படம் வரவில்லை.

“பிளேயர் நல்லாத்தான் இருக்கு. டிஸ்க்குதான் செத்துப்போச்சு. அந்த வீடியோக்காரன ஒருநா கூட்டிட்டு வாங்கண்ணே. நல்லா நாலு கேக்கணும்.”

“கேளுங்க பாய். நான்தான்.”

சோலைமலை மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். அந்தத் தை மாதத்தில் அவர் எடுத்த மற்ற கல்யாணங்கள். வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி வந்த பதினோரு டிஸ்க்குகள்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் ஓடவில்லை.