பதினாறு கேமராக்கள்

“முள்ளுக்காட்டுக்குள்ள கேமரா வச்சிருக்காங்களாம். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாறு. ரெண்டு மாசமா படம் எடுத்துக்கிட்டு இருக்காம்” என்றாள் மனைவி.

காலர் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் விரலில் ஊசி ஏறியது.

“எதுக்காம்?”

“உள்ள என்னென்ன பிராணி இருக்குன்னு பார்க்க. சுத்தி வேலி போட்டு சரணாலயம் ஆக்கப் போறாங்களே, அதுக்குத்தான். இன்னைக்கு சாயங்காலம் நம்மகிட்ட கருத்து கேக்கறாங்க. எடுத்த படத்தையெல்லாம் அங்கேயே பெரிய திரையில போட்டுக் காட்டுவாங்களாம்.”

“நமக்கு எதுக்கு அந்தக் கூட்டம்? உனக்கு வேற முழங்கால் வலி.”

“நானும் அதையேதான் நினைச்சேன். ஆனா தெருவே போகுது. நாம மட்டும் போகலேன்னா நல்லாவா இருக்கும்?”

தையல்காரர் தைத்து முடித்த காலரையே மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன அன்றே, மனைவி சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். “உங்களுக்கு இல்லாதது எனக்கும் வேணாம்” என்று தானும் இனிப்பை விட்டாள். அப்பேர்ப்பட்டவளிடம், பட்டன் வாங்கப் போகிறேன் என்று தினமும் மாலை பொய் சொல்லிவிட்டு, முள்ளுக்காட்டுப் பாறைமேல் உட்கார்ந்து அவர் ஒரு கிரீம் பன் சாப்பிட்டு வந்தார். இதுவரை வாங்கியதாகச் சொன்ன பட்டன்களை வைத்து ஒரு பட்டாளத்துக்கே சட்டை தைக்கலாம். பாவம், அதையும் அவள் நம்பினாள். “காலையில ஒரு மணி நேரம் நடந்தும் எடை குறைய மாட்டேங்குதே” என்று அவள் புலம்பும்போதெல்லாம், தன்னைப் பற்றிய கவலையில்தான் அவள் உடம்பு ஊதுகிறது என்று இவர் மனம் அடித்துக்கொள்ளும்.

நியாயமாகப் பார்த்தால், வேலிக்கு முதலில் கை தூக்க வேண்டியவர் அவர்தான். பாறையடியில் ஒரு கீரி இருந்தது. பன்னில் ஒரு விள்ளல் எப்போதும் அதற்குத்தான். அந்த ஒரு விள்ளலுக்கே அது எப்படி இப்படிக் கொழுத்தது என்று அவர் வியந்ததுண்டு. வேலி வராவிட்டால் இடத்தைச் சமன் செய்து கார் நிறுத்தப் போகிறார்கள். கீரி எங்கே போகும்? ஆனால் படம் திரைக்கு வந்தால் இவர் எங்கே போவார்?

மாலையில் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. வனத்துறை அதிகாரி ஓர் இளம்பெண்.

“முதல்ல உங்க கருத்து. பெரும்பாலானவங்க வேணாம்னா, நாங்க மூட்டை கட்டிட்டுக் கிளம்பிடுவோம். வேணும்னா, படத்தைப் பார்த்துட்டு மேற்கொண்டு பேசுவோம். வேலி போட்டாலும் நடக்கறவங்களுக்குக் காலையிலயும் சாயங்காலமும் கதவு திறந்திருக்கும்” என்றாள்.

கணக்கு வாத்தியார் எழுந்தார். “பாம்பு பெருகும். வேணாம்.”

“வேலி போட்டா தெரு அழகே கெட்டுடும்” என்றார் பேப்பர் கடைக்காரர். தெருவின் அழகைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

தையல்காரர் துணிந்து எழுந்தார். “கீரி வந்து தச்ச துணியையெல்லாம் கடிச்சு வச்சிடும்.” சொல்லும்போதே நாக்கு கூசியது. சோறு போட்ட கையாலேயே கழுத்தை நெரித்த மாதிரி இருந்தது.

“ஆமா, ஆமா” என்றாள் பக்கத்தில் மனைவி. இந்த நேரத்திலும் தன் பக்கம் நிற்கிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டாம் என்றார்கள். அதிகாரியின் முகம் வாடிவிட்டது. கம்ப்யூட்டரை மூடப் போனவள் ஒரு கணம் தயங்கினாள்.

“போறதுக்கு முன்னாடி அந்தப் பிராணிங்களையாவது ஒரு தடவை பார்த்துடுங்க. வேற எதுவும் இருக்காது. மனுஷங்க விழுந்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டரே பிரிச்சு அழிச்சிடும். நாங்ககூட அதைப் பார்க்கறதில்ல.”

தையல்காரர் மூச்சு விட்டார். ஒரு மனிதன் விடும் மூச்சுக்கு இவ்வளவு சத்தம் வராதே என்று சுற்றிலும் பார்த்தார். மண்டபமே மூச்சு விட்டிருந்தது.

கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எழுந்தார். “யோசிச்சுப் பார்த்தா, பாம்பும் ஒரு உயிர்தானே.”

“பச்சைப் பெயின்ட் அடிச்சா வேலி அழகாத்தான் இருக்கும்” என்றார் பேப்பர் கடைக்காரர்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. தையல்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். கீரியும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். இப்படி ஒரு மனைவியை இனிமேல் ஏமாற்றக் கூடாது, நாளையிலிருந்து பன்னே வேண்டாம் என்று மனம் நிறைந்து அவள் பக்கம் திரும்பினார்.

அவள் இருக்கையில் இல்லை. மேடைக்கு அருகே போய், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி அதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

“காலையில ஆறு மணிக்குப் பாறைமேல எடுத்ததும் அதுல சேர்ந்து அழிஞ்சிருக்கும்தானே மேடம்?”